துளிரறிந்து பசளை

(மாத்தளையில் கஜு, மிளகு செய்கையாளர் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கஜு மரத்துக்குப் பசளையிடுவது பற்றிப் பேச வந்திருக்கிறேன். தம்புள்ளைப் பக்கத்தில் பெரிய வெங்காயத்துக்கு எத்தனையாம் நாள் எந்தப் பசளை என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். அதே காணியின் வேலியோரம் நிற்கும் கஜு மரத்துக்கு என்ன போட்டீர்கள் என்று கேட்டால், "அது தன்பாட்டில் காய்க்கும் மரம்தானே" என்று பதில் வரும். நம் நாட்டுக் கஜு மரங்களில் பெரும்பாலானவை பசளை என்பதையே காணாமல் வாழ்ந்து முடிகின்றன. அந்த ஒரு வழக்கத்தை மாற்றத்தான் இன்றைக்கு உங்களோடு வாதாட வந்திருக்கிறேன்.

கஜு வடகிழக்குப் பிரேசிலின் மணற்பாங்கான கரைகளில் தோன்றிய மரம். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் அதை ஆசியாவுக்குக் கொண்டுவந்தார்கள். கெட்ட மண்ணிலும் அது நிற்கும், நீண்ட வறட்சியையும் தாங்கும். அதனால்தான் வேறொன்றும் வராத நிலத்தை அதற்கு ஒதுக்கினார்கள். ஆனால் மரம் பிழைப்பது வேறு, விளைவது வேறு. பருப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதம். புரதம் என்றால் நைதரசன். ஒரு மரத்தின் 10 கிலோ கொட்டையை நீங்கள் விற்கும்போது, சுமார் 100 கிராம் நைதரசனை அந்த ஒரு மரத்தடியிலிருந்து எடுத்துச் சாக்கில் கட்டி அனுப்புகிறீர்கள். கொட்டையைவிட ஆறு முதல் எட்டு மடங்கு எடையுள்ள பழமும் அதனோடு விளைகிறது. பழத்தில் பொட்டாசியம் அதிகம். பழத்தை மரத்தடியிலேயே விட்டால் அது மண்ணுக்குத் திரும்பும், அள்ளி வெளியே கொட்டினால் அதுவும் போகும். இவை அறுவடையில் போகும் கணக்கு மட்டும். புதிய கிளை, புதிய இலை, வேர் என்று மரம் தன் உடம்பை வளர்க்கவும் எடுக்கிறது. 1970களில் இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வு, 30 வயதுள்ள பெரிய மரமொன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 2.8 கிலோ நைதரசனை எடுத்துக்கொள்கிறது என்று கணித்தது. அதில் ஒரு பகுதி உதிரும் இலைகளாகத் திரும்பிவரும். அந்த இலையைக் கூட்டி எரித்துவிட்டால் நைதரசனும் கந்தகமும் புகையோடு போய்விடும். மரத்தடியைத் துப்புரவாக வைப்பதாக நினைத்துக்கொண்டு அதன் சாப்பாட்டைத்தான் கொளுத்துகிறோம்.

இனி, இன்றைய பேச்சின் நடுப்பகுதிக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கஜு எங்கே பூக்கிறது? பலா போல அடிமரத்தில் காய்ப்பதில்லை, பழைய கிளையிலும் இல்லை. அந்த ஆண்டு விட்ட புதுத் துளிரின் நுனியில்தான் பூங்கொத்து வரும். ஆகவே இந்த ஆண்டு எத்தனை நல்ல துளிர் வந்ததோ, அதுதான் அடுத்த பங்குனியில் உங்கள் அறுவடையின் உச்சவரம்பு. மாத்தளையின் வடக்கே, உலர் வலயப் பக்கத்தில், ஆடி ஆவணியில் மரம் காய்ந்த மண்ணில் நிற்கிறது. ஐப்பசி கார்த்திகையில் இடைப்பருவ மழையும் அதன்பின் வடகீழ்ப் பருவமழையும் வருகின்றன. பெரும்போகத்துக்கு நீங்கள் வயலில் இறங்கும் அதே நேரத்தில் கஜு மரம் துளிர் விடுகிறது. மார்கழி, தையில் பூக்கிறது. மாசிக் கடைசியிலிருந்து வைகாசி வரை கொட்டை விழுகிறது.

பூங்கொத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள் இருக்கும், பெரும்பாலானவை ஆண் பூக்கள். காய்க்கக்கூடிய இருபாற் பூக்கள் சிறுபங்கு. அவற்றிலும் பத்தில் ஒன்றுகூட முற்றிய கொட்டையாவதில்லை, பிஞ்சிலேயே உதிர்ந்துவிடும். நிலைத்த பிஞ்சு முற்ற ஏறத்தாழ இரண்டு மாதம். இதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கொட்டையின் ஓடு முழு அளவுக்கு வளர்ந்துவிடும். அதன் பிறகுதான் உள்ளே பருப்பு நிறைகிறது. பழம் பருப்பதோ கடைசி இரண்டு மூன்று வாரங்களில். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய கொட்டை, உடைத்தால் சுருங்கிய பருப்பு என்று நீங்கள் காண்பதற்கு இதுவே விளக்கம். ஓடு வளரும்போது மரத்துக்குச் சக்தி இருந்தது, பருப்பு நிறையும்போது தீர்ந்துவிட்டது.

பருப்பு நிறைவது மாசி, பங்குனி வெயிலில். மேல்மண் அப்போது காய்ந்திருக்கும். காய்ந்த மண்ணிலிருந்து வேர் பசளையை இழுக்காது, நீங்கள் அப்போது எவ்வளவு கொட்டினாலும் சரி. அந்த நேரத்தில் மரம் வாழ்வது ஐப்பசி கார்த்திகையில் தனக்குள் சேர்த்துக்கொண்டதிலும், பச்சையாக நிற்கும் இலைகள் அன்றாடம் சமைப்பதிலும்தான். தையில் பூவைப் பார்த்ததும் "பூத்துவிட்டது, இனி ஒரு பிடி யூரியா போடுவோம்" என்று நினைப்பது அநேகர் செய்வது. அது பூவுக்குப் போவதில்லை. ஈரம் கொஞ்சம் இருந்தால் மறுபடி இலைத் துளிரைக் கிளப்பிவிடும். அந்த இளந்துளிர் தேயிலை நுளம்புப் பூச்சிக்கு விருந்து. அது துளிரைக் குத்திச் சாறுறிஞ்சி, பிறகு பூங்கொத்துக்கும் பிஞ்சுக்கும் தாவும். கொத்துக் கருகிப்போன மரங்களைப் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே பசளையின் முதற்பங்கு முதல் நல்ல மழை மண்ணை நனைத்ததும், புரட்டாதிக் கடைசியிலோ ஐப்பசியிலோ. மிச்சம் மழை ஓய்வதற்கு முன், கார்த்திகைக்குள். அடைமழை கொட்டும் நாட்களில் போடாதீர்கள். இரத்தோட்டை, உக்குவெல மலைச்சரிவுகளில் அது ஓடைக்குத்தான் போகும்.

எங்கே போடுவது? மரத்தின் அடியோடு ஒட்டிக் கொட்டுவது பழக்கமாகிவிட்டது. கேரளத்தில் வேர்களை ஆராய்ந்தவர்கள், உண்ணும் வேர்களின் வேலையில் பாதி மண்ணின் மேல் 15 சென்ரிமீற்றருக்குள்ளும், முக்காற்பங்குக்கு அருகில் மரத்திலிருந்து 2 மீற்றர் தூரத்துக்குள்ளும் நடக்கிறது என்று கண்டார்கள். அதனால் கர்நாடகத்தின் புத்தூரிலுள்ள இந்திய முந்திரி ஆராய்ச்சி நிலையம், முதிர்ந்த மரத்துக்கு அடியிலிருந்து ஒன்றரை மீற்றர் தள்ளி 25 சென்ரிமீற்றர் அகலம், 15 சென்ரிமீற்றர் ஆழத்தில் வட்டமாகக் கான் வெட்டி, பசளையைப் பரவலாக இட்டு மண்ணால் மூடச் சொல்கிறது. மேலே தூவிவிட்டுப் போனால் யூரியாவின் ஒரு பகுதி அமோனியாவாகக் காற்றில் போய்விடும். சரிவான நிலத்தில் முழு வட்டம் வேண்டாம். மேட்டுப் பக்கத்தில் பிறை வடிவில் வெட்டினால் போதும், கரைவது மரத்தை நோக்கியே வரும். வேர் மேலாக ஓடுவதால் ஆழக் கொத்தி அவற்றை அறுத்துவிடவும் கூடாது.

எவ்வளவு? அதே நிலையத்தின் பொதுவான சிபாரிசு, ஐந்து வயது தாண்டிய மரத்துக்கு ஆண்டுக்கு 500 கிராம் நைதரசன், 125 கிராம் பொசுபேற்று, 125 கிராம் பொட்டாஷ். கடைச் சரக்காகச் சொன்னால் யூரியா 1 கிலோ 100 கிராம் அளவில், பொசுபேற்றுக்கு ரி.எஸ்.பி. 270 கிராம், பொட்டாஷுக்கு எம்.ஓ.பி. 200 கிராமுக்குச் சற்று மேல். ஒரு வயதுக் கன்றுக்கு இதில் ஐந்தில் ஒரு பங்கு, இரண்டு வயதில் இரண்டு பங்கு என்று ஏற்றிக்கொண்டு போவார்கள். இது இந்திய மேற்குக் கரையின் மழைக்கும் செம்பாறை மண்ணுக்கும் எழுந்த கணக்கு. இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1973இல் அமைக்கப்பட்ட நமது மரமுந்திரிகைக் கூட்டுத்தாபனத்தின் அலுவலர்களையும் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரையும் கேட்டு, மண்ணைச் சோதித்து, அதன்பின் அளவை முடிவு செய்யுங்கள்.

மண் சோதனையை நான் வற்புறுத்துவதற்கு இந்த மாவட்டமே காரணம். மாத்தளை ஒரே மண் அல்ல. தம்புள்ளை, கலேவெல, சீகிரியாப் பக்கம் உலர் வலயத்துச் செங்கபில மண். அமிலம் குறைவு, பி.எச். பெறுமானம் பெரும்பாலும் 6க்கும் 7க்கும் இடையில். சேதனப் பொருள் குறைவு, காய்ந்தால் பாறைபோல் இறுகும். தெற்கே, மலையை நெருங்க நெருங்க மழை கூடுகிறது, மண் புளிக்கிறது. இந்த வேறுபாடு பசளைத் தெரிவில் நேரடியாக வேலை செய்யும். அநுராதபுர மாவட்டத்து எப்பாவல பாறைப் பொசுபேற்று நம் நாட்டுச் சரக்கு. புளித்த மண்ணில் அது மெல்லக் கரைந்து பல ஆண்டுகள் மரத்துக்கு உதவும். நடுநிலையான செங்கபில மண்ணில் அது பெரிதும் கரையாமலே கிடக்கும், அங்கே ரி.எஸ்.பி. போன்றதுதான் பலன் தரும். மறுபக்கம், மண் மிகப் புளித்துப்போன இடங்களில் கஜு இலையில் மஞ்சள் புள்ளிகள் வருகின்றன. அது மொலிப்டினம் கிடைக்காத குறை. அதற்குப் புளிப்பைத் தணிக்க வேண்டும். அதற்கான டொலமைற்று வெகுதூரத்திலிருந்து வரத் தேவையில்லை, மாத்தளை மாவட்டத்திலேயே வெட்டி எடுக்கிறார்கள். அதில் கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் தெற்கில் பலன் கண்ட உறவினர் சொன்னார் என்று தம்புள்ளைச் செங்கபில மண்ணில் டொலமைற்றைக் கொட்டினால் நன்மை இல்லை. நாகம், இரும்பு முதலிய நுண்சத்துகள் மண்ணில் பூட்டிக்கொள்ளும்.

2021ஐப் பற்றிச் சொல்லாமல் பசளை பற்றி இந்த நாட்டில் பேச முடியாது. அந்த ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வர்த்தமானியால் தடைசெய்யப்பட்டது, நவம்பரில் தடை நீங்கியது. அதற்கு விவசாயிகள் கொடுத்த விலையை இங்கே யாருக்கும் நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அதன்பின் பசளை கிடைத்தும் விலை எட்டாத உயரத்தில் நின்றது. அந்தக் காலத்தில் கஜுக்காரர் சிலர், "எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, நாங்கள் முன்பும் போடவில்லை" என்றார்கள். அது ஆறுதல் தரும் செய்தி அல்ல. நெல்லும் வெங்காயமும் அந்த ஓராண்டில் பட்ட பட்டினியைக் கஜு எப்போதும் பட்டுக்கொண்டிருந்தது, ஆகவே வித்தியாசம் தெரியவில்லை.

அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, இரசாயனமா சேதனமா என்ற சண்டையை மரத்தடிக்குக் கொண்டுவர வேண்டாம் என்பதுதான். கூட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை. 500 கிராம் நைதரசனுக்கு மரமொன்றுக்கு 33 முதல் 50 கிலோ எரு வேண்டும். அதிலும் முதல் ஆண்டில் ஒரு பகுதிதான் வெளிவரும். அவ்வளவு எருவுக்கு அத்தனை மாடு யாரிடம் இருக்கிறது? எரு வேண்டாம் என்று சொல்லவில்லை. எரு மண்ணில் ஈரத்தைப் பிடிக்கிறது, மாசி வெயிலில் அந்த ஈரம்தான் பருப்பை நிறைக்கிறது. யூரியாவால் அதைச் செய்ய முடியாது. யூரியா செய்யும் வேகத்தை எருவால் செய்ய முடியாது. கையில் இருப்பதைப் பார்த்து இரண்டையும் கலந்து இடுங்கள்.

மாத்தளைக்காரருக்கு இதில் மற்றவருக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. இது மிளகு நாடு. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. மிளகுக் கொடி ஏறியிருக்கும் கிளிசிரிடியா மரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதன் இலை காய்ந்த எடையில் நூற்றுக்கு மூன்றரை அளவில் நைதரசன் உடையது. 30 கிலோ பச்சை இலை காய்ந்தால் ஆறு ஏழு கிலோ. அதில் 220 கிராம் அளவில் நைதரசன், அதாவது ஏறக்குறைய அரைக் கிலோ யூரியா. கஜு மரத்தின் முழுத் தேவையில் பாதிக்குக் கிட்ட. தென்னைச் செய்கையாளர்கள் இந்தக் கணக்கைப் பல ஆண்டுகளாகச் செயலில் வைத்திருக்கிறார்கள். ஐப்பசியில் வெட்டி, கானில் போட்டு, மேலே கஜு மரத்தின் சொந்தச் சருகை மூடுபடையாகப் பரப்புங்கள். கஜுச் சருகு தனியாக உக்கக் காலம் எடுக்கும். கிளிசிரிடியா இலையோடு சேர்ந்தால் விரைவாக உக்கும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. மிளகுக்கென வெட்டும் இலையைத் திருடிக் கஜுவுக்குப் போடாதீர்கள். மிளகும் பசியுள்ள கொடிதான். 25 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 70 கஜு மரங்கள். மரத்துக்கு 30 கிலோ என்றால் ஏக்கருக்கு 2 தொன்னுக்கு மேல் பச்சை இலை வேண்டும். இதற்கு எல்லை வேலி முழுவதும் கிளிசிரிடியாத் தடி நட வேண்டும். நட்டு இரண்டு மூன்று ஆண்டு பொறுக்க வேண்டும். வெட்டவும் சுமக்கவும் கூலி இருக்கிறது. காசுக்குப் பதில் உழைப்பைச் செலவிடுகிறீர்கள், அவ்வளவுதான். வீட்டில் ஆள் உள்ளவருக்கு இது நல்ல பேரம், இல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு இலையும் மிச்சம் யூரியாவுமாக வைத்துக்கொள்ளலாம்.

நுண்சத்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாகம் குறைந்தால் துளிரில் இலை சிறுத்து நெருங்கிக் கொத்தாக நிற்கும். போரன் குறைந்தால் மகரந்தம் முளைப்பதும் பிஞ்சு பிடிப்பதும் பாதிக்கும். துளிர் விரியும்போது நாக சல்பேற்றை நூற்றுக்கு அரை வீதக் கரைசலாக இலையில் தெளிப்பதும், பூக்கத் தொடங்குமுன் மிகச் சிறு அளவில் போராக்ஸ் தெளிப்பதும் சில இடங்களில் பலன் தந்திருக்கின்றன. போரன் அளவு மீறினால் நஞ்சு. அடையாளமோ சோதனையோ இல்லாமல் விற்பனையாளர் நீட்டுகிற நுண்சத்துப் போத்தலை வாங்காதீர்கள். பேரூட்டத்தையே கொடுக்காத மரத்துக்கு அந்தப் போத்தலில் செலவிடும் பணம் வீண்.

இவற்றால் தரம் எப்படிக் கூடுகிறது என்று கேட்பீர்கள். உலகச் சந்தையில் பருப்பை இறாத்தலுக்கு எத்தனை என்று எண்ணித் தரம் பிரிக்கிறார்கள். 180 பருப்பு ஏறினால் ஒவ்வொன்றும் இரண்டரைக் கிராம், அதுதான் உயர்ந்த தரங்களில் ஒன்று. 320 ஏறினால் ஒன்று 1.4 கிராம். முழுப் பருப்பா, உடைந்ததா, வெள்ளையா, கருகியதா என்பதும் விலையை மாற்றும். ஐவரி கோஸ்ட் இன்று உலகில் மிக அதிகமாகக் கஜு விளைவிக்கும் நாடு, வியட்நாம் ஆபிரிக்கக் கொட்டையை இறக்கி உடைத்து விற்கிறது. அவர்களோடு நாம் தொகையில் போட்டியிட முடியாது. இலங்கைக் கஜுவுக்குப் பெரிய பருப்பு என்ற பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைக் காப்பாற்றினால்தான் சித்திரைப் புத்தாண்டுக் கறிக்கும் கொழும்பு, கண்டி வீதியோரக் கடைக்கும் அப்பால் நமக்கு இடம்.

பெரிய பருப்புக்கு முதற் காரணம் இனம் என்பதையும் மறைக்கக் கூடாது. விதை போட்டு முளைத்த மரம் தாயைப் போல இருக்கும் என்ற உறுதி இல்லை. வண்ணாத்திவில்லுவில் தெரிவு செய்த இனங்களின் ஒட்டுக்கன்றுகள் கூட்டுத்தாபனத்திடம் உண்டு. சிறு கொட்டை காய்க்கும் மரத்துக்கு எவ்வளவு பசளை போட்டாலும் அது பெரிய கொட்டை மரமாகாது. தன் இனத்துக்கு எட்டக்கூடிய எடையை எட்டும், பதர் குறையும், அவ்வளவே. அதுபோல, கிளைகள் ஒன்றோடொன்று பின்னி உள்ளே வெயில் நுழையாத தோட்டத்தில் பசளை போடுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். காய்ப்பு கிளைப்பரப்பின் வெளிவிளிம்பில்தான். விளிம்பே இல்லாமல் செய்துவிட்டு உணவு கொடுத்தால் உயரம்தான் கூடும். முதலில் ஒன்றுவிட்டு ஒன்று மரத்தை வெட்டுங்கள். மனம் வராது, தெரியும். ஆனால் அதைச் செய்தவருக்குத்தான் பசளைக் காசு திரும்பிவரும். குரங்கும் மலையணிலும் தின்பது பற்றிப் பேசவில்லையே என்று பின்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. அது மாத்தளையின் பெருந்துயரம், தனிப் பேச்சுக்கு உரியது.

அறுவடையில் ஒன்று மட்டும். பறிக்காதீர்கள், விழ விடுங்கள். முற்றாத கொட்டை தண்ணீரில் மிதக்கும். விழுந்ததை அன்றாடம் பொறுக்கி, பழத்தைத் திருகி எடுத்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்துங்கள். குலுக்கினால் உள்ளே பருப்பு அசையும் சத்தம் வர வேண்டும். ஈரத்தோடு சாக்கில் கட்டினால் பருப்பு நிறம் மாறும், ஐப்பசியில் தொடங்கிய பாடெல்லாம் வீண்.

இந்த ஐப்பசியில் நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்லி முடிக்கிறேன். முழுத் தோட்டத்துக்கும் போட வேண்டாம். ஒரே வயது, ஒரே பருமனுள்ள பத்து மரங்களைத் தெரிந்தெடுங்கள். ஐந்துக்குச் சிவப்புக் கயிறு கட்டிப் பசளையும் மூடுபடையும் இடுங்கள், ஐந்தை வழக்கம்போல் விடுங்கள். பங்குனியில் இரண்டின் கொட்டையையும் தனித்தனிச் சாக்கில் சேர்த்து, ஒரு கிலோவில் எத்தனை கொட்டை ஏறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்தால் கொட்டை பெருத்திருக்கிறது. மிதப்பவற்றையும் எண்ணுங்கள். முதல் ஆண்டில் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம், அதற்காகக் கைவிடாதீர்கள். நெடுங்காலம் பட்டினி கிடந்த மரம் முதலில் வேரையும் இலையையும்தான் சரிசெய்துகொள்ளும். அந்த இலையின் பலத்தில் வருவது இரண்டாம் ஆண்டுத் துளிர், பூங்கொத்து நிற்பது அதன் நுனியில். ஆகவே கணக்கை மூன்று பருவம் எழுதிவையுங்கள். எழுதியதை எடுத்துக்கொண்டு உங்கள் போதனாசிரியரிடம் போங்கள். உங்கள் மண்ணுக்கு எந்த அளவு சரி என்பதை அந்தத் தாளை வைத்துத்தான் அவரும் நீங்களும் பேச முடியும்.